கஞ்சிக்கும் முக்பாங்குக்கும் நடுவில

இரணைமடுப் பக்கம் எங்கட வயசுக்காரர் கனபேருக்கு, சோத்துக் கோப்பையோட இருந்தால் போனில முக்பாங் ஓடவேணும். ஒராள் கமராவுக்கு முன்னால இருந்து பத்துப் பேரின்ர சாப்பாட்டைத் தனியச் சாப்பிடுவார், நாங்கள் பாப்பம். ஒண்டு முடிய அடுத்தது தானா வரும். கண் போனில இருந்தால் வயிறு நிரம்பினது தெரியாது. கூடச் சாப்பிடுறம், பிறகு சோடா, பிஸ்கற் எண்டு தேடுறம். "சாப்பாட்டின்ர அருமை தெரியாத பிள்ளையள்" எண்டு வீட்டில ஏச்சு விழும். ஆனால் இந்தப் பழக்கம் பிறந்த நாடும் பட்டினி தெரிந்த நாடுதான்.

முக்பாங் கொரியச் சொல். 'சாப்பிடுதல்', 'ஒளிபரப்பு' என்ற இரண்டு சொற்களின் சுருக்கம். 2010ஐ ஒட்டிய காலத்தில் தென்கொரியாவின் 'ஆப்ரிக்கா டிவி' என்ற நேரலைத் தளத்தில் பரவியது. பார்ப்பவர்கள் காசு கொடுத்து 'நட்சத்திர பலூன்' அனுப்புவார்கள். அது சாப்பிடுபவரின் வருமானம். ஆக்களை இழுக்க இழுக்கக் காசு வரும் என்பதால் கோப்பையும் பெருத்துக்கொண்டே போனது.

அதே கொரியாவில் பழைய அரிசி முடிந்து பார்லி விளையும்வரையான பட்டினிக் காலத்துக்கு 'பார்லி மேடு' என்று பெயர் இருந்தது. 1950–53 போருக்குப் பிறகு, அமெரிக்க முகாம்களில் மிஞ்சிய ரின் இறைச்சியைப் போட்டுக் குழம்பு காய்ச்சினார்கள். இண்டைக்கும் ஆளை ஆள் கண்டால் "சாப்பிட்டாச்சோ?" எண்டு கேக்கிறது எங்களைப் போல அவையளுக்கும் வழக்கம். பிறகு நாடு பணக்கார நாடாகியது. தனி ஆள் வாழும் வீடுகள் பெருகின. தனியச் சாப்பிடுறவைக்கு எதிரில ஒரு முகம் தேவைப்பட்டது. முக்பாங் அந்த இடத்தில வந்து இருந்தது.

அங்கே முக்பாங் தலையெடுத்த அதே காலத்தில், 2009இல், எங்கட சனம் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நிண்டது. நெல்லுக்குத் தண்ணி குடுக்கிற குளத்தடியில இருந்து இடம்பெயர்ந்து போன சனமும் அதுக்குள்ள. 2022 நெருக்கடியில், செப்டெம்பர் மாத உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருசம் சாமான் பட்டியல் சுருங்கினதை நாங்களே பாத்தனாங்கள். இப்பிடியான வீடுகளில வளர்ந்த எங்களுக்கு, நிரம்பி வழியிற ஒரு மேசை வெறும் பொழுதுபோக்கா மட்டும் இருக்க ஏலுமா?

சீனா 2021இல் உணவு விரயத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அளவுகடந்து சாப்பிடும் வீடியோக்களைப் பரப்பினால் ஒரு லட்சம் யுவான் வரை தண்டம். சட்டம் வீடியோவை மறிக்கலாம். தனியச் சாப்பிடுற ஆளுக்குப் பக்கத்தில அது வந்து இருக்காது. ஏச்சும் அப்பிடித்தான்.

கூழ் காய்ச்சுற நாளில போனை ஆர் பாக்கிறம்? ஒரு பானை, சுத்திவரச் சனம், கையில பிலா இலை. அது ஒவ்வொரு நாளும் நடக்காது, உண்மை. ஆனால் இண்டைக்கு இரவு போனை அறைக்குள்ள வைச்சிட்டு, அம்மாவோடயோ அம்மம்மாவோடயோ இருந்து சாப்பிடலாம். அவையளுக்குக் கதைக்க விருப்பமெண்டால், 2009இல என்ன சாப்பிட்டவை எண்டு கேளுங்கோ. அந்தக் கதை எங்களில கனபேருக்கு இன்னும் முழுசாத் தெரியாது.