அரிப்புக் கரையில் அல்லிராணி

சென்ற பெப்ரவரியில் என் மகளையும் அவளது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அரிப்புக்குப் போயிருந்தேன். புத்தளத்திலிருந்து அனுராதபுரம், மதவாச்சி சுற்றி மன்னாருக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்பும் நீண்ட வழி. வங்காலையருகே ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றன. பிள்ளைகள் வாகனத்தை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். எனக்கு அன்று பறவைகளில் மனம் செல்லவில்லை. அரிப்பைத் தாண்டினால் வருவது நான் பிறந்த சிலாவத்துறை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு அந்தக் கரைக்கு நான் நாலு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் காணி அலுவலாக. பார்த்து மகிழ்வதற்கென்று போனது இதுவே முதல் முறை.

அரிப்பில் கடலோரமாக உடைந்த செங்கற் கட்டடமொன்று நிற்கிறது. கொழும்பிலிருந்து வந்த ஒரு வான் அதன் நிழலில் நின்றது. அதில் வந்த உல்லாசப் பயணிகளுக்கு இளைஞன் ஒருவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். இது அல்லிராணியின் அரண்மனை. அவள் ஆணின் முகம் பாராத அரசி. குதிரைமலையில் இருந்து ஆண்டாள். அரபிகளுக்கு முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கினாள். வந்தவர்கள் கமராவைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். என் பேரன் என்னைப் பார்த்தான். "அப்பா, நீங்களும் இப்படித்தானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஆசிரியராக இருந்த காலத்தில் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஊரில் யாவரும் அதை அல்லிராணிக் கோட்டை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது அல்லி கட்டியதல்ல. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரெடரிக் நோர்த், 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்டவர், முத்துக்குளிப்பை நேரில் மேற்பார்வை செய்யவென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கரின் டொரிக் பாணித் தூண்களை வைத்துக் கட்டியதால் ஆங்கிலேயர் அதை 'டொரிக்' என்றே அழைத்தனர். 1807இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் அதன் அழகை வியந்து எழுதியிருக்கிறார். இன்று அந்த அழகில் மிஞ்சியிருப்பது சில சுவர்களும் தூண்களுந்தான். கீழே கரை அரிபட்டு, கட்டடத்தின் கடற்பக்கம் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது.

அல்லி எப்படி இங்கே வந்தாள்? 'அல்லி அரசாணி மாலை' படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதைப்பாடலில் அவள் மதுரையை ஆண்டவள். கதை பாக்குநீரிணையைக் கடந்து வந்திருக்கிறது. முத்துக்குளிக்க வந்தவர்களின் படகிலேயே அவளும் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கதை பொய் என்று அதை நான் வெறுக்கவில்லை. ஆயினும் ஒரு கட்டடத்துக்கு அரசி கிடைத்துவிட்டால், அந்தக் கடலுக்குள் இறங்கியவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சிலாவத்துறை என்ற பெயரே சலாபத்துறைதான். முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்று பெயர். கரைக்கு அப்பால் கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். மாரி ஓய்ந்து கடல் அடங்கும் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் சலாபம். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் படகுகள் பாருக்குப் போகும். பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பும். காலில் கல் கட்டிய கயிற்றைப் பற்றி இறங்குவான் குளிகாரன். ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட, அவ்வளவுதான் மூச்சு. அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப்போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். பஹ்ரைனிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த அரபிகள் மூக்கில் கொம்பாலான கவ்வி போட்டு இறங்கினார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் ஒரே பாரில் குளித்தார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டி இல்லாமல் படகு இறங்காது. அவரை ஆங்கில அதிகாரிகளே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கரையில் சிப்பியை இறக்கும் வேலியடைப்புக்குக் 'கொட்டு' என்று பெயர். அங்கே படகுக்காரன் தன் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரசாங்கத்தின் ஆள் வந்து இரண்டைக் காட்டுவான், அவை அரசுக்கு. மூன்றாவது குளித்தவர்களுக்கு. எந்த இரண்டு போகும் என்று தெரியாததால் மூன்றும் சமமாகவே இருக்கும். நல்ல தந்திரம். அரசின் பங்கு ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலத்தில் போகும்.

1891க்குப் பிறகு பன்னிரண்டு வருடங்கள் சலாபம் இல்லை. பார்கள் ஏன் வெறுமையாகின்றன என்று ஆராயப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் அழைத்துவரப்பட்டார். கடலடி மணல் நகர்ந்து குஞ்சுச் சிப்பிகளை மூடுவதும், திருக்கை போன்ற மீன்கள் தின்பதும், நெருக்கமும் காரணங்கள் என்று அவர் கண்டார். 1903இல் சலாபம் மீண்டும் கூடியது. 1905இல் உச்சம். சுமார் 5,000 குளிகாரர். 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள். அரசுக்கு 25 இலட்சம் ரூபா வருமானம். மறுவருடமே பார்கள் ஒரு கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பிறகு பல வருடங்கள் சிப்பி இல்லை. கம்பனியும் சில வருடங்களில் கலைந்தது.

என் உம்மம்மாவுக்கு அந்தச் சலாபங்களின்போது ஆறேழு வயது. அவரிடம் முத்தைப் பற்றிக் கேட்டால் முத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நாற்றத்தைப் பற்றித்தான் சொல்வார். சிப்பியை உடைத்து முத்தெடுப்பதில்லை. தொட்டிகளில் அழுகவிட்டு, புழு தின்றபின் கழுவி எடுப்பார்கள். அந்த வாடை நாட்கணக்கில் ஊரை மூடிக் கிடக்கும், ஈக்கள் சோற்றில் கறுப்பாய் மொய்க்கும் என்பார். "அந்த நாத்தந்தான் மகன் எங்களுக்குச் சோறு" என்று முடிப்பார். லெனாட் வூல்ஃப் என்ற இளம் சிவில் அதிகாரி 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் அதை வைத்து ஒரு சிறுகதையும் எழுதினார். அவரும் நாற்றத்தையும் ஈயையும் மறக்கவில்லை. துரையும் என் உம்மம்மாவும் ஒத்துப்போகும் இடம் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம்மவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. வில்பத்துப் பிரச்சினை சூடேறியபோது, நாங்கள் காட்டை அழித்துக் குடியேற வந்த வெளியார் என்று எழுதினார்கள், பேசினார்கள். போருக்குப் பின் திரும்பியவர்கள் கண்டது பற்றை மூடிய வளவுகளை. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காடு ஒதுக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் வந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்றும், அங்கே மரம் நடவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அந்த நாட்களில் நம் எழுத்தாளர் சிலர் 1905இன் சனத்திரளைக் காட்டி, "பார், நூறு வருடத்துக்கு முன் எத்தனை ஆயிரம் முஸ்லிம்கள் இங்கே" என்று எழுதினார்கள். மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தையும், தெருவில் திரியும் கழுதைகளையும் அரபிகள் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். பெருக்க மரம் ஆபிரிக்க மரந்தான். யாரோ கடல் வழியே கொண்டுவந்திருக்கத்தான் வேண்டும். அது அரபியாக இருக்க நிறைய இடமுண்டு. ஆனால் மரம் உறுதிப்பத்திரம் ஆகாது.

சலாபமும் அப்படியே. அது ஓலைக் கொட்டில்களால் ஆன நகரம். தெரு, கடைவீதி, நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் எழும். இரண்டு மாதத்தில் எல்லாம் போய்விடும். அதை நம் ஊரின் பழமைக்குச் சான்றாகக் காட்டினால், எதிரில் இருப்பவன் "வந்தார்கள், போனார்கள், அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்பான். இது நாமே நம் தலையில் போட்டுக்கொள்ளும் மண். சான்று வேண்டுமென்றால் குளக்கட்டைக் காட்டுங்கள், கிணற்றைக் காட்டுங்கள், பள்ளிவாசல் மையவாடியைக் காட்டுங்கள், 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பையும் பாடசாலை வரவு இடாப்பையும் தேடி எடுங்கள். அவற்றில் அரபியும் இல்லை, அரசியும் இல்லை. நெல் விதைத்தவர்களும் கடலுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 2007இல் தம் ஊரைவிட்டு எழுப்பப்பட்ட முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்களும் காட்டுவதற்கு இதே பத்திரங்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது, அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி தன் பக்கத்திலிருந்த முத்துகளைக் காட்டி, இதுபோல் வேறெங்கும் கண்டதுண்டா என்று விசாரித்தானாம். அவர் பாரசீகக் குடாவின் முத்துகளைக் குறிப்பிட்டு, இவைபோல் இல்லை என்று மன்னனைக் குளிர்வித்தார். முத்தைக் கண்டவரும் மன்னனைக் கண்டவரும் அதைக் குளித்தெடுத்தவனின் பெயரைக் கேட்டெழுதவில்லை. ஆங்கிலேயரின் கணக்கேடும் படகையும் சிப்பியையும் எண்ணியது; ஆளை 'மூர்' என்று எண்ணி விட்டுவிட்டது.

அந்த இளைஞனிடம் நோர்த்தைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டான். "தெரியும் சேர். ஆனா வாறவங்க அல்லியைத்தான் கேக்குறாங்க" என்றான். அவனுடைய பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. 1679இல் கண்டியரின் சிறையிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், அருவியாற்றைத் தொடர்ந்து காட்டுக்குள்ளால் வந்து ஒல்லாந்தரிடம் தஞ்சம் புகுந்தது இங்கிருந்த கோட்டையில்தான் என்றும், பத்தொன்பது வருடச் சிறை அந்த இடத்தில் முடிந்தது என்றும் சொன்னேன். அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டான். முத்துக்குளிகாரரைப் பற்றியும் சொன்னேன். கொட்டு, மூன்று குவியல், நாற்றம். நாற்றத்துக்கு மட்டும் சிரித்தான்.

மாலையில் சிலாவத்துறைக்குப் போனோம். எங்கள் வளவில் இப்போது என் தம்பியின் மகன் வீடு கட்டியிருக்கிறான். அத்திவாரம் வெட்டும்போது மண்ணோடு சிப்பி ஓடுகள் வந்ததாகச் சொல்லி, ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு வைத்திருந்ததைக் காட்டினான். சுண்ணாம்பாய் உதிரும் ஓடுகள்; உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் மினுக்கம். பேத்தி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"மணமே இல்லையே, அப்பா" என்றாள்.