லாரியும் மணியும்

வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில், 886 மீட்டர் உயரமான பென்-இ-ஃபான் சிகரத்தின் சரிவுகளில் ஆங்காங்கே ஒரு ராணுவ லாரி நிற்கும். பக்கத்தில் ஒரு பயிற்றுநர். முதுகில் இருபது கிலோவுக்கு மேல் சுமையும் கையில் துப்பாக்கியுமாக, மழையில் நனைந்து வருகிறவன் அவர் முன்னால் மண்டியிட்டு வரைபடத்தை விரிப்பான். “இப்போது எங்கே இருக்கிறாய், காட்டு.” விரலால் காட்டக் கூடாது, விரல் நுனி ஒரு குன்றையே மறைத்துவிடும். புல் நுனியால் தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் அடுத்துப் போக வேண்டிய இடத்தைச் சொல்வார். நேரத்துக்கு வந்தானா, பிந்திவிட்டானா என்று சொல்ல மாட்டார். பாராட்டும் கிடையாது, வசவும் கிடையாது. முடியவில்லை என்றால் லாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஒருவரும் தடுக்க மாட்டார்கள். பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படை ஆள் எடுக்கும் முறை இது.

அமெரிக்கக் கடற்படையின் சீல் படைக்கு ஆள் எடுக்கும் கலிஃபோர்னியாவின் கொரொனாடோ கடற்கரையில் ஒரு நொடிகூட அமைதி இருக்காது. ‘நரக வாரம்’ என்று அவர்களே பெயர் வைத்திருக்கும் ஐந்தரை நாளில் மொத்தத் தூக்கம் நாலு மணி நேரம் அளவுதான். ஒலிபெருக்கியும் வசவும் ஓயாது. குளிர்ந்த அலையில் கைகோத்துப் படுக்க வேண்டும். எழுந்ததும் ஈர மணலில் ஓட வேண்டும். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு ரப்பர் படகைத் தலையில் சுமப்பார்கள். படகு சாயாமல் இருக்க உயரம் பார்த்துத்தான் ஆள் சேர்ப்பார்கள். அதில் ஒருவன் லேசாகக் குனிந்துவிட்டால் போதும், அவன் பங்குப் பாரம் மற்றவர்கள் கழுத்தில் இறங்கும். யார் குனிந்தது என்பது அடுத்த கணமே எல்லோருக்கும் தெரியும். விலக நினைப்பவன் பித்தளை மணியை மூன்று முறை அடிக்க வேண்டும். அவன் தலைக்கவசம் மற்றக் கவசங்களோடு வரிசையில் வைக்கப்படும்.

அங்கே சத்தமில்லாத லாரி, இங்கே ஊருக்கே கேட்கும் மணி. ஆளில்லாத இடத்திலும் தடம் மாறாதவனை எஸ்.ஏ.எஸ். தேடுகிறது. பக்கத்தில் இருப்பவன் பாரத்தைக் கூட்டாதவனை சீல் தேடுகிறது.

இந்த வேறுபாடு அவரவர் பிறந்த போரிலிருந்து வந்தது. எஸ்.ஏ.எஸ். படையை 1941-இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தொடங்கியவர் டேவிட் ஸ்டிர்லிங். எதிரியின் எல்லைக்கு வெகு உள்ளே சிறு குழுவாகப் புகுந்து, விமானங்களைத் தகர்த்துவிட்டுத் திரும்புவது அவர்கள் வேலை. பிறகு மலாயாக் காடுகளில் வாரக்கணக்கில் தங்கும் வேலை வந்தபோது, வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டது தவறு என்று புரிந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஜான் உட்ஹவுஸ் தேர்வு முறையை ஒழுங்குபடுத்தினார். சீல் படை 1962-இல் உருவானாலும் அதன் வேர் 1943-இல் ஃப்ளாரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் இருக்கிறது. கடலோரத் தடைகளை வெடிவைத்துத் தகர்க்க அங்கே ஆட்களைத் தயார் செய்த டிரேப்பர் காஃப்மன், அதிகாரி என்று ஒதுங்கி நிற்காமல், இன்றைய நரக வாரத்தின் முன்னோடியான கடும் வாரத்தைத் தானும் அவர்களோடு அனுபவித்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் இறங்கிய தகர்ப்புக் குழுவினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். குண்டு மழையில் ஒருவன் கம்பியைக் கோக்க, இன்னொருவன் வெடியைக் கட்ட வேண்டிய வேலை அது. தனி மனிதத் திறமை அங்கே எடுபடாது.

சீல் பயிற்சியிலும் கைகால்களைக் கட்டி நீச்சல் குளத்தில் இறக்கும் தனிச் சோதனை உண்டு, எஸ்.ஏ.எஸ். தேர்விலும் மலையைத் தாண்டியவர்களைக் காட்டில் சிறு குழுவாகப் பிரித்துச் சோதிப்பார்கள். ஆனாலும் முதல் சல்லடை எது என்பதுதான் முக்கியம். 1991 ஜனவரியில் இராக்கில் எட்டுப் பேர் கொண்ட எஸ்.ஏ.எஸ். குழு ஒன்று சிதறியது. மூவர் இறந்தனர், நால்வர் பிடிபட்டனர். எட்டாமவர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து சிரியாவுக்குள் போய்ச் சேர்ந்தார். பெரும்பகுதித் தூரம் தன்னந்தனியாக. 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாதில் பின் லாடனைத் தேடிப் போன சீல் வீரர்களின் ஹெலிகாப்டர் ஒன்று இறங்கும்போதே விழுந்தது. திட்டம் அங்கேயே குலைந்தும் குழு குலையவில்லை. வேறு வழியாக உள்ளே புகுந்து சுமார் நாற்பது நிமிடத்தில் முடித்துத் திரும்பினார்கள்.

இரண்டு முறைகளும் பயிற்சியிலேயே உயிர் வாங்கியிருக்கின்றன. அதைச் சொல்லாமல் இவற்றை வியப்பது நியாயமில்லை. 2013 ஜூலையில் கடும் வெயிலில் நடந்த எஸ்.ஏ.எஸ். தேர்வு நடையில் ரிசர்வ் படையினர் மூவர் வெப்பத்தாக்கத்துக்குப் பலியானார்கள். வேறு இருவர் முன்னதாகவே வெயிலில் சுருண்டிருந்தார்கள். அப்போதே நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும், அலட்சியமும் மரணத்துக்குக் காரணமாக இருந்தது என்றும் 2015-இல் மரண விசாரணை சொன்னது. ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தது. அசையாமல் நின்றுபோன புள்ளியைத்தான் உரிய நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

2022 பிப்ரவரியில் கொரொனாடோவில் ஒரு இளைஞர் நரக வாரத்தை முழுதாக முடித்தார். இடையில் மூச்சுத் திணறி ஆக்சிஜன் கொடுக்கும் நிலைக்குப் போனவர், மணியை அடிக்கவில்லை. மருத்துவ உதவி கேட்டால் தகுதியிழக்க நேரும் என்ற அச்சம் அங்கே பயிற்சி பெறுபவர்களிடையே பரவலாக இருந்தது. முடித்த சில மணி நேரத்தில் நிமோனியாவால் இறந்துபோனார். அந்தச் சில மணி நேரம் தங்குமிடத்தில் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள், மருத்துவம் தெரியாத, அவரைவிடப் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருந்த பையன்கள்.