கருவள மருந்துகளும் இரட்டைக் கருத்தரிப்பும்

கருவள மருந்துகள் என்பவை, சூலகத்தில் முட்டை முதிர்ந்து வெளிப்படாத காரணத்தால் கருத்தரிக்க இயலாத பெண்களுக்கு மருத்துவர்கள் அளிக்கும் மருந்துகள் ஆகும். இவற்றால் ஒரே மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் வெளிப்படக்கூடும் என்பதால், இரட்டையர் பிறக்கும் வாய்ப்பு கூடுகின்றது. எனவே இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய சிலரும் இரட்டைக் குழந்தைகளை விரும்பி இவற்றை நாடுவதுண்டு. எனினும் ஒரு முட்டையை வெளிப்படச் செய்வதே இம்மருந்துகளின் வழக்கமான நோக்கம். இரட்டைக் கருத்தரிப்பு ஒரு பக்கவிளைவாகவே மருத்துவத்தில் கருதப்படுகின்றது.

வரலாறு

குளோமிபீன் 1956 இல் ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அது முட்டை வெளிப்படுவதைத் தூண்டுகின்றது என்பது 1961 இல் அறிவிக்கப்பட்டது. 1967 இல் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொனாடோட்ரோபின் ஊசிமருந்தின் துணையுடன் முதற் குழந்தை 1962 இல் இசுரேலில் பிறந்தது.

செயல்படும் முறை

பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்.எசு.எச் எனும் இயக்குநீர், சூலகத்திலுள்ள முட்டைப்பைகளை வளரச் செய்கின்றது. மாதந்தோறும் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கினாலும் அவற்றுள் ஒன்று முந்தி வளர்ந்து ஈசுட்ரோசனை மிகுதியாகச் சுரக்கின்றது. இதனை மூளையின் ஐப்போதலாமசு பகுதி உணர்ந்தவுடன் எஃப்.எசு.எச் அளவு குறைகின்றது. ஏனைய முட்டைப்பைகள் வளர்ச்சியின்றி அழிகின்றன. இது ஓர் எதிர்ப் பின்னூட்ட அமைப்பாகும்.

குளோமிபீன் ஈசுட்ரோசன் ஏற்பிகளை மறைப்பதால், ஈசுட்ரோசன் குறைவாக உள்ளதென மூளை கருதி எஃப்.எசு.எச் சுரப்பைக் கூட்டுகின்றது. கொனாடோட்ரோபின் ஊசிகளோ இவ்வமைப்பைத் தாண்டிச் சூலகத்தை நேரடியாகத் தூண்டுகின்றன. இவ்வாறு பிறக்கும் இரட்டையர் பெரும்பாலும் இரு வேறு முட்டைகளிலிருந்து தோன்றியவர்கள். ஒரே உருவம் கொண்டவர்கள் அல்லர்.

வாய்ப்பு வீதம்

* இயற்கையாக: ஏறத்தாழ 80 முதல் 90 பேறுகளுக்கு ஒன்று
* குளோமிபீன்: கருத்தரிப்புகளில் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு இரட்டையர், மூவர் 1 விழுக்காட்டிற்கும் குறைவு
* கொனாடோட்ரோபின் ஊசிகள்: 30 விழுக்காடு வரை இரட்டையர் அல்லது அதற்கு மேற்பட்டோர்

குளோமிபீன் உட்கொண்டு கருத்தரிப்போரிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரு குழந்தையே பிறக்கின்றது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இடர்கள்

இரட்டையருள் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறக்கின்றனர். எடைக் குறைவு, மூச்சுத் திணறல், மூளை முடக்குவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு தனிக்குழந்தையைவிட மிகுதி. தாய்க்கு உயர் குருதி அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, பேற்றுக்குப் பின் குருதிப்போக்கு ஆகியன கூடுதலாக ஏற்படுகின்றன. சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிற்றில் நீர் கோத்தல், குருதி உறைதல் போன்ற உயிராபத்து விளைவுகள் நேரலாம். இது ஊசிமருந்துகளில் அதிகம்.

கருக்களின் எண்ணிக்கை இரண்டோடு நிற்கும் என்ற உறுதியும் இல்லை. 1997 இல் அயோவா மாநிலத்தில் கருவள மருந்து பெற்ற ஒரு பெண்ணுக்கு ஒரே பேற்றில் எழுவர் பிறந்தனர். எழுவரும் பிழைத்தனர், அவர்களுள் இருவருக்கு மூளை முடக்குவாதம் இருந்தது.

மருத்துவக் கண்காணிப்பு

இக்காரணங்களால் மருத்துவர்கள் மீயொலி வருடல் மூலம் முட்டைப்பைகளை எண்ணி, அவை மிகுதியாக இருப்பின் அம்மாதச் சிகிச்சையைக் கைவிடுவர். பெரும்பாலும் ஒரே முட்டைப்பையை வளர்க்கும் லெட்ரோசோல், சூலக நீர்க்கட்டி நோய்க்குறி உள்ளவர்களுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுகின்றது. இந்தியாவில் 2011 இல் மலட்டுத்தன்மைச் சிகிச்சைக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டு, 2017 இல் அத்தடை நீக்கப்பட்டது.

இயல்பாக முட்டை வெளிப்படும் பெண்களுக்குக் குளோமிபீன் தேவையற்றது. அது கருப்பையின் உட்படலத்தை மெலியச் செய்யக்கூடும் என்பதால், கருத்தரிப்புக்கே தடையாகவும் அமையலாம். மருத்துவரின் கண்காணிப்பின்றி இதனை உட்கொள்ளலாகாது.

இவற்றையும் பார்க்க

* இரட்டையர்
* மலட்டுத்தன்மை
* குறைப்பிரசவம்