ஸ்காட்லாந்தின் விடுதலைக் கோரிக்கை

ஸ்காட்லாந்து, பிரித்தானியத் தீவின் வடபகுதியில் அமைந்துள்ள நாடு. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் இந்நாடு இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகியவற்றுடன் சேர்ந்து ஐக்கிய இராச்சியமாக விளங்குகிறது. ஐக்கிய இராச்சியத்தின் மக்கள்தொகையில் ஸ்காட்லாந்தின் பங்கு சுமார் பன்னிரண்டில் ஒன்று மட்டுமே. 1707 இல் இங்கிலாந்துடன் இணைந்த இந்நாடு அந்த இணைப்பிலிருந்து விலக வேண்டுமா என்ற கேள்வி 2014 இல் நேரடியாக மக்கள் முன் வைக்கப்பட்டது. பெரும்பான்மையோர் இணைந்திருக்கவே வாக்களித்தனர். ஆயினும் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. அது ஏன் முடியவில்லை என்பதை அறிய, இணைப்பு உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இணைப்பின் பின்னணி

1603 இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி வாரிசின்றி இறந்தார். ஸ்காட்லாந்தின் மன்னராக இருந்த ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். அரசர் ஒருவரே என்றாலும் நாடுகள் இரண்டாகவே இருந்தன. நாடாளுமன்றம், சட்டம், நாணயம், திருச்சபை அனைத்தும் தனித்தனியே இயங்கின.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து கடும் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளானது. 1690களில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் குடியேற்ற நாடுகளுடன் வணிகம் செய்ய ஸ்காட்லாந்து வணிகர்களுக்கு உரிமை இல்லை. தங்களுக்கென ஒரு குடியேற்றத்தை உருவாக்கும் நோக்கில் 1698 இல் ஐந்து கப்பல்களில் சுமார் 1,200 பேர் பனாமா நிலச்சந்தியில் உள்ள டேரியன் பகுதிக்குச் சென்றனர். காய்ச்சலும் பட்டினியும் ஸ்பானியரின் எதிர்ப்பும் அம்முயற்சியைத் தோல்வியுறச் செய்தன. இங்கிலாந்து மன்னரும் ஆன மூன்றாம் வில்லியம், ஆங்கிலேயக் குடியேற்றங்கள் அவர்களுக்கு உதவக் கூடாது என ஆணையிட்டிருந்தார். இத்திட்டத்தில் பணம் போட்டிருந்த பிரபுக்கள், வணிகர்கள், நகர மன்றங்கள் எனப் பலரும் பெரும் இழப்பைச் சந்தித்தனர்.

இந்நிலையில் 1705 இல் இங்கிலாந்து அந்நியர் சட்டத்தை இயற்றியது. இணைப்புப் பேச்சுக்கு ஸ்காட்லாந்து முன்வராவிட்டால் அந்நாட்டவர் இங்கிலாந்தில் அந்நியராகக் கருதப்படுவர், அவர்களது முக்கிய ஏற்றுமதிகளுக்குத் தடை விதிக்கப்படும் என்பது அதன் சாரம். ஒரே மன்னரின் கீழ் இருந்த சிறிய நாட்டைப் பெரிய நாடு வணிகத்தைக் கொண்டு நெருக்கியது.

இணைப்பு ஒப்பந்தம்

1706 இல் 25 பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம் உருவானது. எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர். நாடாளுமன்றத்துக்கு எதிர்ப்பு மனுக்கள் வந்து குவிந்தன. எனினும் 1707 சனவரியில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. அதே ஆண்டு மே 1 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

ஒப்பந்தத்தின்படி ஸ்காட்லாந்துக்கு லண்டன் மக்களவையில் 45 இடங்களும் பிரபுக்கள் அவையில் 16 இடங்களும் கிடைத்தன. இங்கிலாந்தின் குடியேற்ற நாடுகளுடன் வணிகம் செய்யும் உரிமை கிடைத்தது. டேரியன் இழப்பை ஈடுசெய்வதும் உட்பட ஏறத்தாழ 4 லட்சம் பவுண்ட் வழங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் சட்டமுறையும் நீதிமன்றங்களும் திருச்சபையும் தனித்தே நீடிக்க வழி செய்யப்பட்டது. அரசு போனாலும் நாட்டின் தனித்தன்மையைத் தாங்கும் நிறுவனங்கள் நிலைத்தன. ஸ்காட்லாந்து மக்கள் தம்மைத் தனி நாட்டினராகத் தொடர்ந்து கருதியதற்கு இந்நிறுவனங்கள் முக்கியக் காரணமாயின. ஆனால் ஒப்பந்தத்திலிருந்து விலக விரும்பினால் என்ன செய்வது என்பதற்கு அதில் எந்தப் பிரிவும் இல்லை.

இணைப்பால் விளைந்தவை

தொடக்கத்தில் மனக்குறைகளே மிகுந்திருந்தன. 1715 இலும் 1745 இலும் ஸ்டூவர்ட் அரச மரபை மீட்கக் கிளர்ச்சிகள் எழுந்தன. 1746 இல் கலோடன் போரில் கிளர்ச்சியாளர்கள் தோற்றனர். அதன்பின் மலைநாட்டு மரபு உடையும் சில காலம் தடை செய்யப்பட்டது.

மறுபுறம், கிளாஸ்கோ நகரம் அமெரிக்கப் புகையிலை வணிகத்தால் செழித்தது. ஆடம் ஸ்மித், டேவிட் ஹியூம் போன்ற சிந்தனையாளர்கள் தோன்றினர். ஸ்காட்லாந்தினர் பிரித்தானியப் பேரரசின் படையிலும் நிர்வாகத்திலும் பெருமளவில் இடம்பெற்றனர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவரே. பேரரசு வளர்ந்த காலத்தில் இணைப்பு ஸ்காட்லாந்துக்கு ஆதாயமாகத் தெரிந்தது. பேரரசு சுருங்கி, கப்பல் கட்டுதல், நிலக்கரி, எஃகு ஆகிய தொழில்கள் நலிந்தபோது அந்த ஆதாயம் கேள்விக்குள்ளானது.

எண்ணெயும் தன்னாட்சியும்

1934 இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி தோன்றியது. நீண்ட காலம் சிறு கட்சியாகவே இருந்த அது 1967 இல் ஹாமில்டன் இடைத்தேர்தலில் வென்று கவனம் பெற்றது. 1970 இல் வடகடலில் ஃபோர்ட்டிஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை முன்வைத்து அக்கட்சி பரப்புரை செய்தது. 1974 அக்டோபர் தேர்தலில் அது 11 இடங்களை வென்றது. தனித்து நின்றால் ஏழ்மை என்ற பழைய அச்சத்துக்கு எண்ணெய் ஒரு மறுமொழியாக அமைந்தது.

1979 இல் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வேண்டுமா என வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு தேவை என்ற விதியால் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் மார்கரெட் தாட்சர் ஆட்சியில், தலைவரி இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பாகவே, 1989 இல், ஸ்காட்லாந்தில் விதிக்கப்பட்டது. தாங்கள் தேர்ந்தெடுக்காத கட்சி தங்களை ஆள்கிறது என்ற உணர்வு வலுத்தது. 1997 இல் நடந்த வாக்கெடுப்பில் 74.3 விழுக்காட்டினர் தனி நாடாளுமன்றத்தை ஆதரித்தனர். 1999 இல் அது எடின்பரோவில் கூடியது.

2014 வாக்கெடுப்பு

2011 இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 129 இடங்களில் 69 ஐ வென்று தனிப்பெரும்பான்மை பெற்றது. அடுத்த ஆண்டு பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரனும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோ உடன்பாட்டில் கையெழுத்திட்டு வாக்கெடுப்புக்கு வழி செய்தனர். துப்பாக்கி ஏந்தாமல், இரு அரசுகளும் பேசி, பிரிவினையை மக்கள் முடிவுக்கு விட்டது குறிப்பிடத்தக்கது.

விவாதம் மூன்று பொருள்களைச் சுற்றி நடந்தது. முதலாவது நாணயம். விடுதலைக்குப் பின்னும் பவுண்டைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார் சால்மண்ட். அதற்கு உடன்பட முடியாது என்றார் பிரித்தானிய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். இரண்டாவது எண்ணெய் வருவாய். மூன்றாவது ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை. பிரிந்தால் அதை இழக்க நேரிடும் என இணைப்பு ஆதரவாளர்கள் எச்சரித்தனர். எங்கள் முடிவுகளை நாங்களே எடுக்க வேண்டும் என்பது விடுதலை ஆதரவாளர்களின் அடிப்படை வாதமாக இருந்தது.

செப்டம்பர் 18 அன்று 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 16, 17 வயதினருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டிருந்தது. விடுதலையை 44.7 விழுக்காட்டினர் ஆதரித்தனர், 55.3 விழுக்காட்டினர் எதிர்த்தனர். கிளாஸ்கோ, டண்டீ உள்ளிட்ட நான்கு பகுதிகளில் மட்டுமே விடுதலைக்குப் பெரும்பான்மை கிடைத்தது.

வாக்கெடுப்புக்குப் பின்

அடுத்து நிகழ்ந்தவை இரு தரப்பு வாதங்களையும் சோதித்தன. 2014 நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2015 தொடக்கத்தில் 50 டாலருக்கும் கீழே இறங்கியது. எண்ணெயை நம்பிக் கணக்கிட்ட விடுதலைத் திட்டம் எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பது புலனானது. 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக ஐக்கிய இராச்சியம் முடிவு செய்தது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்திருந்தனர். ஐரோப்பாவில் நீடிக்க வேண்டுமானால் இணைந்திருங்கள் என்று 2014 இல் சொல்லப்பட்டவர்கள், இணைந்திருந்ததாலேயே அதை இழந்தனர்.

மீண்டும் வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து அரசு முயன்றது. லண்டன் நாடாளுமன்றத்தின் இசைவின்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்ற முடியாது என 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2015 பொதுத்தேர்தலில் 59 இடங்களில் 56 ஐ வென்ற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, 2024 இல் 9 இடங்களாகச் சுருங்கியது.

மதிப்பீடு

1905 இல் சுவீடனுடனான இணைப்பிலிருந்து நார்வே விலகியபோது வாக்கெடுப்பில் 3,68,208 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் 184 பேர் மட்டுமே. அத்தகைய ஒருமித்த கருத்து இருக்கும் இடத்தில் பிரிவு எளிதாகிறது. ஸ்காட்லாந்தில் கருத்து ஏறத்தாழ சரிபாதியாகப் பிளந்துள்ளது. ஆகவே எந்த முடிவும் மக்களில் பாதிப்பேருக்கு இழப்பாகவே அமையும்.

சிறிய நாடு தனித்து வாழ முடியுமா என்பதற்கு நார்வே, டென்மார்க், அயர்லாந்து ஆகியவை முடியும் என்று காட்டுகின்றன. ஆனால் தனித்து நிற்கும் சிறிய நாடும் எவரையேனும் சார்ந்தே நிற்கிறது. விடுதலை பெற்ற ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், தன் மிகப்பெரிய சந்தையான இங்கிலாந்துடன் சுங்க எல்லையை ஏற்க வேண்டியிருக்கும். இணைந்தே இருந்தால், தன்னைவிடப் பத்து மடங்கு மக்கள்தொகை கொண்ட அண்டை நாட்டின் முடிவுகளுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். 1707 இல் பிரபுக்களும் வணிகர்களும் எடைபோட்டதும் இதையே. அன்று முடிவெடுக்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை. 2014 இல் இருந்தது. அந்த உரிமையை மீண்டும் எப்போது, யாருடைய இசைவுடன் பயன்படுத்தலாம் என்பதே இன்று தீராமல் நிற்கும் சிக்கல். மக்களின் இசைவில் நிற்கும் இணைப்பு என்றால், அந்த இசைவு தொடர்கிறதா என்று கேட்பதற்கு ஒரு வழியும் வேண்டும். அவ்வழி இல்லாத வரை ஸ்காட்லாந்தின் கேள்வி திரும்பத் திரும்ப எழுந்துகொண்டே இருக்கும்.