பருத்த எலியின் பட்டினி

கண்ணெதிரே ஆகாரம் குவிந்து கிடக்க, அதைத் தொடாமலே ஓர் எலி பட்டினி கிடந்து செத்தது என்றால் வாசகர்கள் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்த எலியின் சாவில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருந்தது.

அமெரிக்காவில் மெயின் மாகாணத்துத் தீவு ஒன்றில் பார் ஹார்பர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1929-இல் ஏற்பட்ட ஜாக்சன் ஆராய்ச்சிசாலையில் சுண்டெலிகளை வம்சாவளி எழுதி வளர்த்து வந்தார்கள். 1947-இல் மூண்ட காட்டுத் தீயில் கட்டடமும் பல்லாயிரம் எலிகளும் சாம்பலாயின. முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்தவர்கள், அவற்றின் சந்ததிகளை அனுப்பி வைத்தார்கள். சாலை மறுபடி எழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1949-இல், அங்கே ஒரு விசித்திரமான எலி தென்பட்டது. ஓயாமல் தின்றது, உப்பிக்கொண்டே போனது. அந்த வம்சத்து எலிகள் சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு கனத்தன. 1966-இல் இன்னொரு வம்சமும் வெளியாயிற்று. அதே பருமன், கூடவே கடுமையான நீரிழிவு.

டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி, சத்திர சிகிச்சை செய்து, ஒரே இரத்தம் இரண்டு உடல்களிலும் கலக்கும்படி நீரிழிவு எலியையும் சாதாரண எலியையும் ஒட்டி வைத்தார். பருத்தது பருத்தபடியே இருந்தது. சாதாரண எலியோ உணவை வெறுத்துப் பட்டினியால் மாண்டது. பிறகு அதே நீரிழிவு எலியோடு முதல் வம்சத்துப் பருத்த எலியை ஒட்டினார். அந்தப் பெருந்தீனிக்காரனும் உணவைத் துறந்து செத்தது!

1973-இல் கோல்மன் சொன்ன விளக்கம் எளிமையானது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது. முதல் வம்சம் ஊமை. அதனால் அதைச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது வம்சம் செவிடு. உரக்கச் சொல்கிறது, ஆனால் தன் காதில் விழவில்லை. பருமன் என்பது வாயடக்கம் இல்லாத குற்றமே என்று எண்ணிய பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள்.

1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்தத் தூதுவனைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கிறது! 'மெலிவு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'லெப்டின்' என்று பெயரிட்டார்கள். இளைக்க மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் குதூகலித்தது. ஆனால் பருத்த மனிதர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது.

பின் அதன் உண்மையான வேலை என்ன? 1996-இல் பாஸ்டன் விஞ்ஞானிகள் எலிகளை இரண்டு நாள் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். பட்டினியில் முதலில் ஈரலின் சர்க்கரைச் சேமிப்பு கரைகிறது. இன்சுலின் தணிகிறது, கொழுப்புக் களஞ்சியம் திறக்கிறது. வெளிவரும் கொழுப்பில் ஒரு பகுதியை ஈரல் மூளைக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றித் தருகிறது. ஆனால் களஞ்சியம் காலியாவதற்கு வெகு முன்பே லெப்டின் சரிந்துவிடுகிறது. 'பஞ்சம் வந்துவிட்டது' என்று மூளை புரிந்துகொள்கிறது. தைராய்டு சுரப்பியின் வேகம் குறைகிறது, கருத்தரிப்பு தள்ளிப்போகிறது. பட்டினி கிடந்த எலிகளுக்கு லெப்டினைச் செலுத்தியபோது இந்த மாறுதல்கள் பெருமளவு மட்டுப்பட்டன. பசித்த உடலுக்குப் பஞ்சச் செய்தி போய்ச் சேரவில்லை.

இப்போது அந்த முதல் எலியை நினைத்துப் பாருங்கள். மலைபோல் கொழுப்பு, ஆனால் அதன் மூளைக்கு என்றென்றும் பஞ்சம். அதனால்தான் அதன் உடல் குளிர்ந்திருந்தது. இனம் பெருக்கவும் முடியவில்லை. நாம் பெருந்தீனி என்று கண்டது உண்மையில் பட்டினி.

1997-இல், லெப்டின் சுரக்காமலே பிறந்த இரு குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்தில் அறிவித்தார்கள். அத்தகையவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒரு சிறுமிக்கு லெப்டின் கொடுத்ததும் அடங்காத பசி அடங்கியது, உடலும் இளைத்தது.

அதுவரை அந்தச் சிறுமியைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்களோ! பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்து நகைக்க நமக்கு வாய் துறுதுறுக்கும்போது, பார் ஹார்பர் எலியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய பசி அவருக்கு மட்டுமே தெரியும்.