முள்ளெலி, கணவாய், சூறாவளி

மும்பை மசகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1972-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரியில் ‘லிம்போ’ என்ற மூன்று குழாய் மோர்ட்டார் இருந்தது. அதே வரிசையில் கடைசியாக வந்த தாராகிரியும் விந்தியகிரியும் ஸ்வீடனின் போஃபர்ஸ் ராக்கெட் ஏவியைச் சுமந்தன. பீரங்கிப் பேரத்தால் நமக்குப் பழகிப்போன அதே போஃபர்ஸ்தான்! 2025 ஜனவரியில் வந்த புதிய நீலகிரியில் இருப்பது ரஷ்ய வம்சத்து ஆர்.பி.யு-6000. மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: நீருக்குள் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியின் தலைமேல் குண்டு போடுவது. குண்டு கிளம்பிவிட்டால் அதன் திசையை மாற்ற வழியில்லை. மலைப் பெயர் கொண்ட இந்தக் கப்பல்களில் மூன்று நாட்டு வம்சாவளிகள் எப்படி ஏறின?

முதல் உலகப் போரில் கப்பலின் பின்பக்கத்திலிருந்து டெப்த் சார்ஜ் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். குறித்த ஆழத்துக்குப் போனதும் அவை வெடிக்கும். ஆனால் நீர்மூழ்கியை எதிரொலியால் தேடப் பின்னர் வந்த சோனார், கப்பலுக்கு முன்னால்தான் துழாவும். கப்பல் நெருங்க நெருங்க எதிரொலி நழுவிவிடும். இலக்கைத் தாண்டிப் போன பிறகே குண்டைப் போட முடியும். அதற்குள் நீர்மூழ்கி திசை மாறியிருக்கும். அப்படியானால் குண்டை முன்னால் எறிய வேண்டும்.

வழி கிடைத்தது ஒரு தரைப்படைக்காரரிடம். ஸ்டுவர்ட் பிளாக்கர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர். 1933-ல் எவரெஸ்ட் சிகரத்துக்கு மேல் முதன்முதலாகப் பறந்த குழுவில் இருந்தவர். டாங்கிகளை அடிக்க அவர் குழாயே இல்லாத மோர்ட்டார் ஒன்றை வடிவமைத்தார். தடித்த இரும்புத் தண்டு ஒன்று நிற்கும். குண்டின் பொள்ளலான வாலை அதில் செருகிச் சுட வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் சோதனைக் குழு அந்த உத்தியை எடுத்துக்கொண்டு 24 தண்டுகளை ஒரே மேடையில் நட்டது. குண்டுகள் இல்லாத நேரத்தில் தண்டுகள் சிலிர்த்து நின்றதால் ‘ஹெட்ஜ்ஹாக்’, அதாவது முள்ளெலி, என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

முள்ளெலியின் குண்டு எதிலாவது மோதினால்தான் வெடிக்கும். வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் ஓர் அம்பு ஐந்து விலங்குகளைத் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. முள்ளெலியின் கணக்கு தலைகீழ்: ஒரு நீர்மூழ்கியைத் தொட 24 குண்டுகள். தப்பினால் சத்தமே வராது. கடலே குலுங்கும் டெப்த் சார்ஜுக்குப் பழகிய மாலுமிகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மௌனம்தான் அதன் பலம். தண்ணீர் கலங்காததால் சோனார் தொடர்ந்து தேட முடிந்தது. 1944 மே மாதம் பசிபிக்கில் ‘இங்கிலாந்து’ என்ற பெயருடைய அமெரிக்கக் கப்பல், இந்தப் பிரிட்டிஷ் ஆயுதத்தால் 12 நாட்களில் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது.

முள்ளெலி பின்னோக்கி உதைக்கும் உதையைச் சிறிய படகுகளின் தளம் தாங்காது. எனவே அமெரிக்கர்கள் அதே வகைக் குண்டுக்கு ராக்கெட் மோட்டார் பொருத்தி ‘மவுஸ்ட்ராப்’ என்றார்கள், எலிப்பொறி! போருக்குப் பின் அவர்கள் செய்த ‘ஏபிள்’ என்ற ராக்கெட், ராணுவ எழுத்துக்குறிப் பட்டியல் மாறியபோது ‘ஆல்ஃபா’ ஆனது. ஆயுதத்தில் ஓர் ஆணிகூட மாறவில்லை.

இந்த ஆயுதங்களை வகைப்படுத்தப் பெயர் உதவாது என்பது என் கருத்து. இரண்டு கேள்விகள் போதும். குண்டைத் தள்ளுவது எது? அது எப்போது வெடிக்கும்? பிரிட்டிஷாரின் ‘ஸ்க்விட்’ என்ற கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குழாய் மோர்ட்டார் அது; சோனார் கண்டுபிடிக்கும் ஆழத்துக்கு ஏற்ப வெடிமுனை தானாக அமையும். 1944 ஜூலை 31 அன்று லாக் கில்லின் என்ற கப்பல் அதைக் கொண்டு ஜெர்மனியின் யு-333 நீர்மூழ்கியை வீழ்த்தியது. அதன் வாரிசுதான் லிம்போ. ஐ.என்.எஸ். குக்ரியில் இரண்டு லிம்போக்கள் இருந்தன. அவை எட்டுவது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நீர்மூழ்கியின் டார்பிடோவோ பல கிலோமீட்டர் பாயும். 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி குக்ரியை மூழ்கடித்தபோது 194 பேரை இழந்தோம்.

இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் கைக்கும் முள்ளெலி போனது. அதைப் பார்த்துச் செய்த நகலுக்கு அவர்கள் விலங்குப் பெயர் வைக்கவில்லை, எம்.பி.யு-200 என்றார்கள். 200 என்பது அது எறியும் தூரம், மீட்டரில். ராக்கெட் வந்ததும் எம் எழுத்து ஆர் ஆனது, எண்கள் வளர்ந்தன: 1200, 2500, 6000. ராக்கெட்டுக்கோ இரண்டு சுழியம் குறைத்து ஆர்.ஜி.பி-60 என்று பெயர். இவ்வளவு ஒழுங்காக எண்ணிட்டவர்கள், கூடவே புயல் பெயர்களையும் சூட்டிக் குழப்பிவிட்டார்கள். 6000-ன் மறுபெயர் ‘ஸ்மெர்ச்-2’, சூறாவளி. பிற்பாடு தரைப்படையின் 300 மி.மீ. ராக்கெட் ஏவிக்கும் ‘ஸ்மெர்ச்’ என்றே பெயரிட்டார்கள். இரண்டுக்கும் 12 குழாய்கள். இந்தியாவிடம் இரண்டும் உண்டு!

கப்பலில் இருக்கும் ஸ்மெர்ச்சின் குழாய்கள் குதிரை லாட வடிவில் அடுக்கப்பட்டிருக்கும். அத்தனையும் சுட்டு முடித்ததும் ஏவி செங்குத்தாக நிமிரும். தளத்துக்குக் கீழே உள்ள கிடங்கிலிருந்து, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக மேலேறிக் குழாய்களுக்குள் போகும்.

1960-களின் இறுதியில் விசாகப்பட்டினத்துக்கு வரத் தொடங்கிய சோவியத் கப்பல்களுக்குக் கமோர்ட்டா, கவரத்தி என்று தீவுகளின் பெயர்கள், ஆயுதம் ஆர்.பி.யு-2500. இன்றைய கவரத்தி உள்நாட்டில் கட்டியது. 2025 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை அதிலிருந்து 17 புதிய ராக்கெட்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் வடிவமைத்த அந்த ராக்கெட்டில் இரண்டு மோட்டார்கள், மின்னணு நேர வெடிமுனை. ஏவியின் பெயர் ‘இந்தியன் ராக்கெட் லாஞ்சர்’.