அமைச்சருக்குப் பிடிக்காத பாட்டு

"சினிமாப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா?" வீட்டுக்கு ஒரு பெரியவராவது இப்படிச் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அப்படி நினைக்கிறவர் கையில் நாட்டின் ஒரே வானொலி இருந்தால்? 1952-ல் இந்தியாவில் அதுதான் நடந்தது.

அவர் பெயர் பி.வி.கேஸ்கர். நேரு அமைச்சரவையில் 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சர். சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு மேல்நாட்டு மெட்டுகளைக் காப்பியடிக்கிறது, ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு 10 சதவீதம்தான் நேரம் என்று வெட்டினார்கள். பாட்டு எந்தப் படத்தில் வருகிறது என்றும் சொல்லக் கூடாது, சொன்னால் அது ஓசி விளம்பரமாம்! தயாரிப்பாளர்கள் கடுப்பாகி, பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சினிமாப் பாட்டு வானொலியிலிருந்து ஏறக்குறைய காணாமலே போனது.

(இதே ரேடியோ 1940-லேயே ஆர்மோனியத்தையும் தடை செய்திருந்தது. நம் சுருதிகளுக்கு அது ஒத்துவராதாம். அந்தத் தடை தளர 1971 ஆனது!)

கேஸ்கரை வெறும் வில்லனாக்கவும் முடியாது. சமஸ்தானங்கள் போய், ஆதரித்த ராஜாக்களும் இல்லாமல் தவித்த வித்வான்களுக்கு வானொலிதான் சோறு போட்டது. சங்கீதத்துக்கான தேசிய நிகழ்ச்சி 1952-ல் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். ஒன்றை வளர்க்க இன்னொன்றின் கழுத்தை நெரிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சரி, பாட்டுக் கேட்கும் ஆசை எங்கே போகும்? டிமாண்ட் அப்படியே இருக்க சப்ளையை மட்டும் நிறுத்தினால் சரக்கு பக்கத்துக் கடையில் கிடைக்கும். இங்கே பக்கத்துக் கடை கொழும்பு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் அமைத்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. இந்தியா முழுக்கத் தெளிவாகக் கேட்கும். வர்த்தக சேவை என்பதால் விளம்பரமும் வாங்குவார்கள்.

1952 டிசம்பரில் அங்கே தொடங்கியது பினாகா கீத்மாலா. சுவிஸ் கம்பெனி சீபாவின் பற்பசைதான் பினாகா. தொகுப்பாளர் இருபது வயதுப் பையன், அமீன் சயானி. வாரச் சம்பளம் 25 ரூபாய். பம்பாயில் பதிவு செய்து, டேப்பைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். உள்ளூர்ச் சரக்கை ஏற்றுமதி செய்து மறுபடி இறக்குமதி செய்த கதை! விளம்பரக் காசு மட்டும் கொழும்புக்கு.

கேட்டவர்கள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் என்பது சயானி சொன்ன கணக்கு. பின்னர் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் வைத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். ஜபல்பூரிலோ ஜான்சியிலோ இருக்கும் ஒரு கடைக்காரரின் ரசனையையும் ஒருவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். டில்லியில் அது யாருக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதே கதைதான். எஸ்.பி.மயில்வாகனன், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் இங்கே வீட்டுப் பெயர்களானார்கள். 'பொங்கும் பூம்புனல்' கேட்காமல் பொழுது விடியாத வீடுகள் எத்தனையோ. தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதைப் பலர் அவர்களிடம்தான் கற்றார்கள், சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில்!

கடைசியில் டில்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்தது. அப்போதும் அமைச்சர் அதே கேஸ்கர்தான்! ஆனால் விளம்பரம் வாங்க இன்னும் பத்து வருடம் யோசித்தார்கள், 1967-ல்தான் அனுமதி. அதற்குள் நேயர்களின் காது கொழும்புக்குப் பழகிவிட்டிருந்தது. கீத்மாலா விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது 1989-ல். அப்போது சயானிக்கு ஐம்பத்தாறு வயது.